உன் மாமியார் நீட்டிய காது

இன்று காலை கேஸ் லைட்டர் மக்கர் செய்தது. மாடத்தில் கிடந்த தீப்பெட்டியை எடுத்து உரசினேன். குச்சி முனை கருகும் அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பில் அப்படியே நின்றுவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் எனக்கு வேலை வைக்கிறாய்.

எண்பதாம் வருஷம் வாக்கில் நாம் இரண்டு பேரும் இடைசெவலிலிருந்து ஒரே பஸ்ஸில் கோவில்பட்டிக்கு வருவோம். நீ தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினாய். நான் மதுரையில் ரத்தப் பரிசோதனை படித்துவிட்டு ஒரு டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ என் காதோரம் கேட்பது ஒன்றுதான். "பின்னால பாருட்டி, கறை இருக்கா?" உனக்கு வீட்டுவிலக்கு வந்தால் பத்து நாள், சில மாதம் பன்னிரண்டு நாள். அதற்காகவே எல்லாப் பாவாடையையும் அரக்கு நிறத்தில் தைத்து வைத்திருந்தாய். "எங்க அம்மா என்னய வீட்டுக்குள்ள விடுத நாளத்தான் எண்ணணும்" என்று அதையும் சொல்லிச் சிரிப்பாய்.

பசுவந்தனையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வந்தார்கள். மாப்பிள்ளையை உனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. மறைக்காதே, அவர் சைக்கிளில் ஆபீஸ் வாசலைக் கடந்த இரண்டு தடவையும் குச்சி அடுக்கிய சட்டத்தைக் கவிழ்த்தவள் நீ. வழக்கப்படி அவருடைய அம்மா உன்னைத் தனியே அழைத்து, "ஒனக்குத் தேதி எப்ப வரும் தாயி? அத ஒதுக்கிட்டுத்தான் முகூர்த்தம் பாக்கணும்" என்று கேட்டார். நீ வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொன்னாய். அப்புறம் என்னைத் தொழுவத்துக்குள் இழுத்துக்கொண்டு போனாய்.

"மாசத்துல பாதி நாளு இப்படின்னா எந்தத் தேதிய ஒதுக்குவாவ? பெரும்பாடு உள்ள பிள்ளன்னு தெரிஞ்சா வெத்தல மாத்தாமப் போயிருவாவட்டி."

உன் முகத்தில் சிரிப்பில்லாததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

மறுநாளே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், காதுமடலில் ஊசியால் குத்தினேன். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை மை ஒற்றும் தாளால் துளியைத் தொட்டு எடுக்க வேண்டும். நாலு நிமிஷத்தில் நிற்க வேண்டிய ரத்தம் எட்டு நிமிஷம் தாண்டியும் வந்தது. "புள்ளி வச்சு முடிச்சிட்டியா, கோலம் எப்பப் போடுவ?" என்றாய் நீ. நான் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"ஏதாவது மருந்து சாப்பிடுறியாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப அந்தத் தலைவலி மாத்திர?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"அது மருந்தா? முட்டாயில்லா!"

உன்னைக் குற்றம் சொல்ல முடியாது. கந்தக வாடைக்குத் தலை இடிக்கும் என்று கணக்குப்பிள்ளை மேசையிலேயே டப்பா நிறைய வைத்திருந்தார். பெட்டிக்கடையில் வெற்றிலை பாக்கோடு விற்றார்கள். தீப்பெட்டி ஆபீசில் ஒருத்தியும் அதை மருந்துக் கணக்கில் சேர்த்ததில்லை. நீ விலக்கு நாளின் வயிற்றுவலிக்கும் அதையே நாளுக்கு நாலு விழுங்கினாய்.

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். ரத்தக்குழாயில் கீறல் விழுந்ததும், ரத்தத்தில் மிதக்கும் பொடிப்பொடித் தட்டுகள் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி வாயை அடைக்கும். அதன்மேல் நூல் நூலாக வலை படர்ந்து இறுகும். மாதாமாதம் கருப்பையின் உள்தோல் உரியும்போது, திறந்துகிடக்கும் குழாய்களை அடைக்க வருவதும் இதே தட்டுகள்தான். குழாய்களும் தங்கள் பங்குக்குச் சுருங்கிக்கொள்ளும். நீ விழுங்கிய மாத்திரையோ தட்டுகளின் ஒட்டும் குணத்தையே கெடுத்துவிடும். கெட்டது திரும்பாது, புதுத் தட்டுகள் ஊறிவர பத்து நாளாவது ஆகும்.

"பச காஞ்சா லேபிள் நிக்காதுல்லா, அது மாதிரி" என்றாய். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இது மட்டும்தான் காரணமான்னு இப்பச் சொல்ல முடியாது. நிறுத்திப் பார்ப்போம்" என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்துக் குத்தியபோது மூன்றரை நிமிஷத்தில் நின்றது. அடுத்த விலக்கு முடிந்த அன்று, பஸ்ஸின் முன்வாசலில் ஏறிய நீ கூட்டத்துக்கு மேலே ஐந்து விரலை விரித்துக் காட்டினாய். ஐந்தே நாள்! கண்டக்டர் ஐந்து டிக்கெட் கிழித்துவிட்டு உன்னிடம் சண்டைக்கு வந்தார்.

ஆனால் நாள் ஒழுங்கானதும் வேறு வினை வந்து சேர்ந்தது. எண்ணிப் பார்த்தால், நீ சொன்ன பொய்த் தேதியை வைத்துக் குறித்த முகூர்த்தத்தன்றே உனக்குத் தேதி. வாயை மூடிக்கொண்டு மணையில் உட்கார் என்று நான்தான் சொன்னேன். நீ கேட்கவில்லை. பட்டு எடுக்கப் போன ஜவுளிக்கடையில், மாப்பிள்ளையின் அம்மாவை ஒரு மூலைக்கு அழைத்து, "அத்த, நான் சொன்ன தேதி பொய்" என்று ஆரம்பித்து, மாத்திரை வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாய். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினார். பாக்குத் துண்டுகளுக்கு நடுவே அதே மாத்திரைகள் ஏழெட்டு.

"எனக்கு இருவது வருசமா இதே கததான் தாயி. யார்ட்டப் போயிச் சொல்ல?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, கம்மலைக் கழற்றிக்கொண்டே காதை நீட்டினார். "எனக்கும் குத்திப் பாரு."

கல்யாணம் பத்து நாள் தள்ளிப்போனது. கேட்டவர்களிடமெல்லாம், "சோசியரு கணக்குல தப்பிட்டாரு" என்று பழியை அவர் தலையில் போட்டுவிட்டார் உன் மாமியார். அதன்பின் பசுவந்தனை பஸ்ஸில் பெண்கள் வந்து இறங்கி, "மாமியாரும் மருமவளுமா அனுப்புனாவ" என்று என் மேசை முன் நிற்பார்கள்.

இன்னமும் காலையில் இரண்டு மணி நேரம் பரிசோதனைக் கூடத்தில் உட்காருகிறேன். எத்தனை நாள் போகுது, என்ன மாத்திரை போடுற என்று குரலைத் தாழ்த்தாமல்தான் கேட்கிறேன். அந்தத் துணிச்சல் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. போன வாரம் ஒரு புதுப்பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட வந்த மாமியார்க்காரி, காத்திருந்த ஆம்பிளைகள் காதிலும் விழும்படி, "எட்டு நாளு போகுதும்மா, என்னன்னு பாருங்க" என்றாள். அவர்கள் பாட்டுக்குப் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

உடனே உனக்குச் சொல்லிவிட வேண்டுமென்று போனை எடுத்து, உன் நம்பரையும் அழுத்திவிட்டேன், ஏட்டி.