பட்டியலில் உன் பெயரை வெட்டச் சொன்ன நாள்

இனி நான் எழுதப்போகும் கதையைப் பாறசாலையில் ஒரு ஜீவனும் நம்பாது என்று தேவ சந்நிதியில் வாக்குக் கொடுக்கிறேன். நீயும் நம்பவேண்டாம். கட்டியவனின் கதையை நம்பாமலிருந்து உனக்குப் பழக்கம்தானே.

இல்லாதவர்களுக்குக் கொடுக்கச் சபைப் பெண்கள் கேட்டார்கள் என்று இன்று உன் சேலைகளை எடுத்தேன். நீயே துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்து வைத்தவை. ஒன்றை முகத்தில் வைத்துப் பார்த்தேன். சிகரெட் வாடை. ஒருநாளும் புகைக்காத உன் சேலையில் என் வாடை. அலமாரியை மூடிவிட்டேன்.

என் அக்காள் மகள் நெய்யாற்றின்கரையிலிருந்து ஊசியும் குழாயுமாக வந்தாளே. புகையால் ரத்த அணுக்களுக்குள் குரோமோசோம் உடைகிறதா, மாதந்தோறும் பெண்ணுடம்பில் ஏறி இறங்கும் ஹார்மோன்கள் அந்தச் சேதத்தைக் கூட்டுமா குறைக்குமா என்று மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்ப்பது அவள் ஆராய்ச்சி. புகைக்கும் பெண்களை வேறெங்கோ பிடித்திருந்தாள். புகைக்காதவர்களுக்கு நம் சபை. ஒவ்வொருத்தியிடமும் இரண்டு தடவை ரத்தம்: மாதவிலக்கு முடிந்ததும் ஒன்று, அடுத்தது வருமுன் ஒன்று. ஐஸ் பெட்டியைச் சுமந்தது என் ஆட்டோ. உலக விஞ்ஞானமே என் பின்சீட்டில்தான் பயணம் செய்கிறது என்று அம்பூரி வரை அளந்துவிட்டேன்.

சபை ஹாலில் அவள் கேட்டாள்: "மாமி, வீட்டுல ஆராவது சிகரெட்டு வலிக்குமா?"

"இல்ல மக்கா. ஒனக்க மாமன் விட்டு வருசம் கொறே ஆச்சு."

அவளிடம் அப்படிப் பீற்றியிருந்தவன் நான்தான். நீ அதைக் காப்பாற்றினாய். ஜன்னலுக்கு வெளியே நான் உள்ளங்கைக்குள் ஒன்றை ஒளித்தபடி நின்றேன். கை சுட்டது.

இரண்டாம் தடவை, ஊசிக்குக் கை நீட்டுமுன், ஊர்ப் பெண்கள் அத்தனைபேர் முன்னாலும் சொன்னாய்: "மக்கா, அண்ணைக்கு நான் சொன்னது கள்ளமாக்கும். வீட்டுக்குள்ள எப்பளும் புகை உண்டு. எனக்க பேர வெட்டிரு."

அவள் வெட்டவில்லை. அடுத்தவர் புகையைச் சுவாசிப்பவர்கள் என்று வேறு பட்டியலில் எழுதிக்கொண்டாள்.

"எடி, எனக்க மானத்த ஹாலுல வச்சு வித்துட்டியே!" என்று வழிநெடுகக் கத்தினேன்.

"ஒங்க மானம் அங்க கெடக்கட்டு. அந்தப் பிள்ள கண்ணு நோவ எண்ணுதது கள்ளமாப் போவப்பிடாது. இனியாவது விடுங்க."

ஒன்பது நாள் உன்னிடம் பேசவில்லை. "பூனையே, மீன்கறி உண்டாண்ணு கேளு" என்பேன். நீயும் பூனையிடமே, "வலிச்சு முடிச்சிட்டு வரச்சொல்லு" என்பாய். பத்தாம் நாள் பெருங்கதையோடு வந்தேன்: பொழியூர்க் கடலில் சிகரெட்டைப் பெட்டி பெட்டியாக வீசியெறிந்துவிட்டேன், சாளை மீன்களெல்லாம் இருமிக்கொண்டு கரையேறின, வள்ளக்காரர்கள் இருமல் மருந்தோடு நிற்கிறார்கள். நீ கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாய். பிறகு, "எங்க, ஊதுங்க" என்றாய். கிராம்பு மென்றிருந்தேன். முகர்ந்தாய். சோறு போட்டாய்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்கு இருமல் வந்தது. போகவேயில்லை. நீதான் போனாய்.

என் புகையாலா என்று அக்காள் மகளிடமே கேட்டேன். அவள் அழுதாள். "மாமா, ஒரு ஆளுக்கு வந்தத இதனாலெண்ணு சொல்ல ஒக்காது. இல்லேண்ணும் சொல்ல ஒக்காது." அந்த இரண்டு வாக்கியத்தையும்தான் சுமக்கிறேன். எதை இறக்கிவைக்க என்று தெரியவில்லை. நீ போனபின் நான் சிகரெட்டைத் தொடவில்லை. யாருக்காக என்று கேட்காதே.

சாளை இருமவில்லை, உனக்குத் தெரியும். பொழியூருக்குப் போனது மட்டும் உண்மை, எடி. பெட்டியை எடுத்துக் கையை ஓங்கவும் செய்தேன். அலை கால்வரை வந்து போயிற்று. பிறகு அதிலிருந்து ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு உன்னிடம் திரும்பி வந்தேன்.