நடுவில் விழுந்த பந்து

க்ளேட்டன், ஐயோவா
4 ஆகஸ்ட் 1951

அன்புள்ள லைல்,

நீ ரயிலேறிய அன்று வயிற்றுவலி என்று சொல்லி நான் வரவில்லை. வயிற்றெரிச்சல் என்பதுதான் உண்மை.

பேஸ்பால் மேஜர் லீக்குக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஒருவன் வந்த ஆட்டத்தில் உன்னைவிட நான்தான் நன்றாக அடித்தேன். கூட்டிப்போனது உன்னை! நம் மேனேஜர் கொவாக்கிடம் நியாயம் கேட்டேன். புகையிலையைத் துப்பிவிட்டு, "அவனுக்கு வயசு கம்மிடா ஆர்வில். நீ கத்துற அளவுக்கு அடிச்சா உன்னையும் கூப்பிடுவான்" என்றார்.

வீட்டுக்கார அம்மா ஹால்வர்சன் பேப்பரில் வந்த உன் படத்தை வெட்டி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் முட்டை தின்கிறேன்.

நன்றாக விளையாடு என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

ஆர்வில்

சிகாகோ
10 ஆகஸ்ட் 1951

அன்புள்ள ஆர்வில்,

திட்டியாவது எழுதினாயே, சந்தோஷம். இங்கே என்னோடு பேச ஆளில்லை.

என் மேஜர் லீக் வாழ்க்கை முடிந்துவிட்டது. நேற்றைய ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ். ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தோம். எனக்கும் நடுவில் நின்றவனுக்கும் இடையே உயரமாக ஒரு பந்து வந்தது. எனக்கு எட்டிய பந்துதான். அதற்கு நேர்கீழே வந்து நின்றும்விட்டேன். ஆனால் அங்கே நம் மைதானத்தில் நடுவில் நிற்கும் நீ "என்னுது!" என்று கத்துவாய், நான் ஒதுங்குவேன். அப்படியே பழகிய உடம்பு. உன் குரலுக்காகக் காத்திருந்தேன். இவன் வாயே திறக்கவில்லை. பந்து புல்லில் விழுந்தது, எதிரணி இரண்டு ரன் எடுத்தது. தோற்றோம்.

"ஏன்டா மரம் மாதிரி நின்னே?" என்று இங்குள்ள மேனேஜர் கேட்டார். காலையில் ரயில் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஓமஹாவில் அம்மா வீட்டில் சில நாள் இருப்பேன். கொவாக் என்னைத் திரும்பச் சேர்ப்பாரா? ஹால்வர்சன் அம்மா வீட்டில் என் கட்டில் இன்னும் இருக்கிறதா? நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துவிட்டு எழுது.

லைல்

க்ளேட்டன்
14 ஆகஸ்ட் 1951

அன்புள்ள லைல்,

சிரித்தேன். "நல்லா வேணும்" என்று வாய்விட்டே சொன்னேன். ஹால்வர்சன் அம்மா முறைத்தார். பிறகு என் குரலுக்காக நீ காத்திருந்த இடம் வந்தது. அதற்குமேல் முட்டை இறங்கவில்லை.

பொறாமை போய்விட்டது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. அந்தப் புல்லில் நீ நின்றாய், நான் நிற்கவில்லை. அது சாகும்வரை எனக்கு எரியும். உன் படத்தைக்கூட நேற்று கிழிக்கப் போனேன். அந்த அம்மா கரண்டியோடு வந்துவிட்டார்.

உன்னைச் சேர்ப்பதா என்று கொவாக் என்னிடம்தான் கேட்டார். "அவன் போனதுலேருந்து பக்கத்துல யாரும் சரியா இல்ல, வரச் சொல்லுங்க" என்றேன். கட்டில் அப்படியே இருக்கிறது.

நமக்கு நடுவே பந்து வந்தால் இனியும் நான்தான் கத்துவேன். இந்த வாய் சும்மா இருக்காது. "உன்னுது!" என்று கத்துவேன். கேட்டதும் நின்றுவிடாதே, ஓடு.

ஆர்வில்