மேசை விளக்கின் கீழ் முட்டைகள்

அன்புள்ள மகளுக்கு,

மழையில் அடையாறு ஆய்வகத்தில் மின்சாரம் போய்விட்டது. இதயம் உருவாவதைக் கவனிக்க வைத்திருந்த கோழி முட்டைகளை மயிலாப்பூர் வீட்டுக்கே கொண்டுவந்து, மேசை விளக்கின் கீழ் வைத்தேன்.

ஊரூர்க் குப்பத்து மீனவப் பையனை நீ மணந்ததிலிருந்து உன் பேச்சையே எடுக்காத அப்பா முகம் சுளித்தார். "ஆத்துக்குள்ள முட்டையா? பைத்தியமா நோக்கு?"

ஒரு முட்டையின் ஓட்டில் வெட்டியிருந்த சிறு ஜன்னலைக் காட்டினேன். பொன்னிற வெளிச்சத்தில் கடுகளவு சிவப்பு துடித்துக்கொண்டிருந்தது. மழையில் வீடே மிதப்பதுபோல் இருந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார்.

"மூடுடி, குளிரப் போறது" என்றார்.

நான் எதையும் எளிதில் நம்புகிறவளில்லை. ஆனால் இன்று காலை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அவளுக்கு இது எத்தனாவது மாசம்?"

நான் சொல்லவில்லை. நீயே வந்து சொல்.

அம்மா