வெப்சைட்டில் உன் நம்பர்தான் இருக்கும், மேரி

பாசத்துக்குரிய மேரிக்கு,

நமக்கு வெப்சைட் வரப்போகிறது. முன்பு நீ கேட்டபோது நான் சிரித்தேன், ஞாபகம் இருக்கிறதா? பத்து பகாட் ஊரில் ஏதோ ஒரு கேக் கடையைப் பார்த்துவிட்டு வந்து, "அவுங்க கடை போன்லயே தொறக்குது தேவி, நாமளும் ஒன்னு போடலாம் லா" என்றாய். "ரெண்டு அடுப்புக்கு எதுக்குடி வெப்சைட்?" என்றேன். அச்சு முறுக்கை எண்ணெயில் உதறியபடியே, "நாம தூங்குறப்பவும் கடை தொறந்திருக்குமே" என்றாய். அப்படி ஒரு ஆசை உனக்கு எங்கிருந்து வந்தது?

செனாய் ஃபேக்டரியில் உன் முகத்துக்கு முன்பே உன் கண்கள்தான் எனக்குப் பழக்கம். நீலக் கோட்டு, தொப்பி, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். கேன்டீனில் முகமூடியைக் கழற்றிய பிறகுதான் இவள் இவ்வளவு பெரிதாகச் சிரிப்பாளா என்று தெரிந்தது. நம் லைனையே மூடிவிட்டு நம்மை வீட்டுக்கு அனுப்பிய அன்று, பஸ் முழுக்க அழுகை. நீ மட்டும், "நாளைக்குக் காலையில என் வீட்டுக்கு வா" என்றாய். உட்கார்ந்து பேசி அழத்தான் கூப்பிடுகிறாய் என்று வந்தேன். நீ அரிசிமாவைச் சலித்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு எத்தனை தீபாவளி, எத்தனை கிறிஸ்மஸ்! என் பண்டிகைக்கு உனக்குத் தூக்கமில்லை, உன் பண்டிகைக்கு எனக்கில்லை.

இப்போது என் மகள் கவிதாதான் முனைந்து நிற்கிறாள். வாரக் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து வந்ததும் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்துவிடுகிறாள். படமும் கலரும் பிறகுதானாம். யார் வரப்போகிறார்கள், வந்ததும் அவர்களுக்கு முதலில் என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்வதுதான் பாதி வேலையாம். "கடை பேரு என்னம்மா?" என்றாள். நாம் பேரே வைக்கவில்லையே! ஊரெல்லாம் 'மேரி முறுக்கு' என்றுதான் கேட்டார்கள். அதையே சொன்னேன். "நம்பர்?" என்றாள். யோசிக்காமல் உன்னுடையதைச் சொன்னேன்.

அவள் விரல்கள் நின்றுவிட்டன. "அம்மா, அது ஆன்ட்டி நம்பரு."

"தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்ச நம்பர் அதானே."

அடுத்தது 'எங்களைப் பற்றி' என்ற பக்கம். இரண்டு தோழிகள் என்று தொடங்கியவள், "நடத்தும் கடைன்னு போடவா, நடத்தியன்னு போடவாம்மா?" என்று தயங்கிக் கேட்டாள். "நடத்தும்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே போட்டாள். நீ இல்லை என்பதை அந்தப் பக்கத்தில் எழுத எனக்கு மனமில்லை, மேரி. அங்கேயாவது நீ இருந்துவிட்டுப் போயேன் என்று நினைத்தேன்.

உன் பெயருக்கும் படத்துக்கும் அந்தோணி அண்ணனைக் கேட்க வேண்டும் அல்லவா? முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு நான் கூலாய்க்கு, உன் வீட்டுக்கு, வரவேயில்லை. பயம்தான். "அடுப்புலயே நின்னு நின்னு ஒடம்பக் கெடுத்துக்கிட்டா" என்று ஆஸ்பத்திரியில் அவர் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. நேற்றுதான் தைரியம் வந்து போனேன். அவரே தேநீர் போட்டுக் கொடுத்தார். இனிப்பு அதிகம். நான் விஷயத்தைத் தொடங்குமுன் உள்ளறையில் மணி அடித்தது. உன் போன்! அதே சத்தம்.

அண்ணன் எழுந்துபோய் எடுத்தார். "ஆமாங்க, மேரி நம்பர்தான். நான் வீட்டுக்காரர் பேசுறேன்... இல்லைங்கம்மா. மேரி எறந்துட்டாங்க." பிறகு, "அழாதீங்கம்மா, அழாதீங்க" என்று அவரே தேற்றினார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். "சிம்பாங் ரெங்கத்துல ஒரு அம்மா. அவுங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருந்தப்ப மேரி வாராவாரம் போன் பண்ணிப் பேசுவாளாம். நான் பக்கத்துலயே இருந்திருக்கேன் தங்கச்சி, எனக்குத் தெரியல. பண்டிகை நெருங்கினா இப்படித்தான், யாராச்சும் கூப்பிடுறாங்க."

"எடுக்காம விட்டுடலாமேண்ணே."

"எப்படிம்மா எடுக்காம இருக்கிறது? அவளத்தானே கேக்குறாங்க."

பிறகு வெப்சைட் விஷயத்தைச் சொன்னேன். பெயரும் படமும் போடலாமா என்று கேட்டேன். "போடு, அவளுக்குப் பிடிக்கும்" என்றார். பிறகு கோப்பையையே பார்த்துக்கொண்டு, "ஒன்னே ஒன்னு. அவ போயிட்டான்னு அதுல எழுதிடு. ஒவ்வொருத்தருக்கா என்னால சொல்ல முடியலம்மா" என்றார்.

"அப்ப நம்பரு?"

"நம்பர் அதேதான். நானே எடுக்குறேன். என்னென்ன பலகாரம்னு மட்டும் எனக்குச் சொல்லிக் குடு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த 'நடத்தும்' என்னைக் குத்தியது. எனக்கு ஆறுதலாக ஒரு சொல்லை வைத்துக்கொண்டேன். அதைப் படித்து உன்னைக் கூப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் அவரல்லவா பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்?

கவிதாவை நகரச் சொல்லிவிட்டு நானே உட்கார்ந்து அந்த வரியை மாற்றித் தட்டினேன். காலமானார் என்று எழுதினால் வேறு யாரோ போல் இருந்தது. அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'மேரி இறந்துவிட்டார். இந்த நம்பரில் பேசுபவர் அவருடைய கணவர் அந்தோணி. மேரியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு நல்ல விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டு ஆர்டர் கொடுங்கள்.'

"இப்படியெல்லாம் யாரும் வெப்சைட்ல எழுத மாட்டாங்கம்மா" என்றாள் கவிதா. ஆனால் மாற்றவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

ஒரு வாக்குத் தருகிறேன். இந்தத் தீபாவளிப் பலகாரம் உன் வீட்டு அடுப்பில்தான் வேகும். அந்தப் போனோடு அவரைத் தனியாக உட்கார விடமாட்டேன்.

உன் வீட்டுக்காரர் தங்கச்சி என்று கூப்பிடுவதால் உனக்கு நாத்தனாராகிவிட்ட,
தேவி