உட்லண்ட்ஸில் எடுத்த நகல்

உன் பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது அந்துருண்டை வாசம். அதற்கு அடியில் பழைய கேஸட்டுகளின் புளிப்பு நெடி. மேலே டிஸ்குகள், கீழே வீடியோ கேஸட்டுகள், ஒவ்வொரு உறையிலும் உன் சாய்ந்த கையெழுத்து. உன் மகள் அதை என் வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "சாந்தி ஆன்ட்டி, அம்மா இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொன்னாங்க. நீங்கதான் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தருவீங்களாம்," என்றாள். நீ போய் அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஏற்றிக்கொண்டிருக்கிறேன். டிஸ்குகளால் தொல்லை இல்லை, சீக்கிரம் கோப்பாகிவிடுகின்றன. கேஸட்டுகளுக்குத்தான் பொறுமை வேண்டும். இரண்டு மணி நேரப் படமென்றால் இரண்டு மணி நேரமும் ஓடவிட்டே ஆக வேண்டும். பூஞ்சை பிடித்திருந்தால் திருகுகளைக் கழற்றி, நாடாவை மெல்லத் துடைத்து, வேறு கூட்டில் மாற்றிப் போடுகிறேன். கை மறக்கவில்லை. ஜூரோங் தொழிற்சாலையில் வீடியோ ரெக்கார்டர் பூட்டும் வரிசையில் எதிரெதிரே உட்கார்ந்து எத்தனை வருஷம் திருகு முடுக்கினோம்!

எண்பதுகளின் நடுவில் பூன் லே அடுக்குமாடி வீடுகளில் நீ ஒரு புளோக், நான் அடுத்த புளோக். காலையில் கம்பெனி பஸ்ஸில் நீதான் எனக்கு இடம் பிடித்து வைப்பாய். ஊழியர் விலையில் ரெக்கார்டர் கிடைத்தபோது முதல் ஆளாக வாங்கியவளும் நீதான். டிவியில் தமிழ்ப்படம் போடும் நாளில் உன் வீட்டுக்கு யாரும் வரக்கூடாது. விளம்பரம் வந்தால் நிறுத்துவதும், படம் தொடங்கினால் ஓட்டுவதுமாக மெஷின் முன்னாலேயே குந்தியிருப்பாய். "இது என் லைப்ரரி," என்பாய்.

அந்த லைப்ரரியில் சினிமா அல்லாத கேஸட் ஒன்றும் இருந்தது. உன் கணவர் கப்பல் பட்டறையில் வெல்டர். ஆனால் அவர் மனசெல்லாம் நாடகத்தில். ஒரே ஒரு தடவை டிவி நாடகத்தில் தபால்காரராக வந்தார், இரண்டே காட்சி. அதைப் பதிவுசெய்து வைத்திருந்தாய். மறு வருஷம் நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோனது.

அதைத்தான் நான் அழித்தேன்.

தீபாவளிக்கு முன் உன்னிடம் நான்கு கேஸட்டுகள் இரவல் வாங்கினேன். நாடகம் இருந்த கேஸட்டும் அவற்றோடு கலந்து வந்திருந்தது. நீ உறையில்தான் பெயர் எழுதுவாய், கேஸட்டின்மேல் எழுத மாட்டாய். நான் எல்லாவற்றையும் உறையிலிருந்து எடுத்து, என் வெற்றுக் கேஸட்டுகளோடு அடுக்கிவிட்டேன். தீபாவளியன்று மத்தியானம் டிவியில் படம் போட்டார்கள். கைக்கு வந்த கேஸட்டைச் செருகிப் பதிவுசெய்தேன். மறுநாள் உன்னுடையவற்றை உறையில் போடும்போது ஒரு உறைக்கு ஆள் இல்லை. அந்த உறையில் உன் கணவர் பெயர். தீபாவளிப் படத்தைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். அது முடிந்தபின் வெறும் வெள்ளைப் புள்ளிகள்.

தொலைந்துவிட்டது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், நினைத்தேன். ஆனால் மறுநாள் பஸ்ஸில் நீ பையை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்ததும் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணு சொல்லணும். அண்ணனோட நாடகத்து மேல நான் படத்த எடுத்துட்டேன்."

நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ஃபுல்லாவா போச்சு?" என்றாய்.

"ஃபுல்லா."

அன்று வேலை செய்யும்போதும் உன் கண் மேலே வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு கேண்டீனில் வேறு மேசைக்குப் போனாய். என் தட்டில் சோறு அப்படியே இருந்தது. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, கையில் தேத்தண்ணியோடு வந்து என் எதிரே உட்கார்ந்தாய்.

"அழுது என்னடி ஆவப்போவுது? அன்னிக்கு டிவியில ஊரே பாத்துச்சு. ஒருத்தன்கூடவா ரெக்கார்ட் பண்ணியிருக்க மாட்டான்? ஞாயித்துக்கெழம தேக்காவுக்கு வா. கடை கடையா கேப்போம்."

அந்த ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு முக்காட்டுத் துணியைப் பைக்குள் திணித்தபடி நீ பஸ்ஸைவிட்டு இறங்கியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. தேக்காவில், சிராங்கூன் ரோட்டில் வீடியோ கடை ஒன்றைக்கூட நாம் விடவில்லை. மாலை கட்டுபவர்களையும் மளிகைக் கடைக் கூட்டத்தையும் விலக்கிக்கொண்டு நீ முன்னால் போனாய், நான் பின்னால் ஓடி வந்தேன். ஒரு கடைக்காரர் சிரித்தேவிட்டார். "நாடகத்த யாரும்மா எடுத்து வைப்பா? புதுப்படம் வந்துருக்கு, கொண்டு போங்க லா."

"புதுப்படத்துல என் வீட்டுக்காரர் இல்லையே," என்றாய் நீ.

அவர் சிரிப்பு நின்றது. கடைக்குள் கேஸட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நம் பக்கம் திரும்பினார். "எங்க அக்கா வீட்டுக்காரர் உட்லண்ட்ஸ்ல இருக்காரு. ஜொகூர்ல வேல. டிவியில தமிழ்ல எது வந்தாலும் புடிச்சு வச்சிருவாரு. கேட்டுப் பாக்குறீங்களா?"

அங்கிருந்தே போன் போட்டோம். அவர் எங்கோ தேடிவிட்டு வந்து, "இருக்கு," என்றார். நீ ரிசீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டாய். ஆனால் கேஸட்டைத் தர மாட்டாராம். முன்பு இரவல் கொடுத்தது எதுவும் திரும்பி வரவில்லையாம். "வேணும்னா இங்க வந்து காப்பி எடுத்துக்குங்க. எங்கிட்ட ஒரு மெஷின்தான் இருக்கு."

அதனால் அடுத்த ஞாயிறு உன் ரெக்கார்டரே உட்லண்ட்ஸுக்குப் புறப்பட்டது. உன் கணவரின் கைலியில் அதைச் சுற்றி, இரண்டு பஸ் மாறி, ஒருவர் மடியிலிருந்து மற்றவர் மடிக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போனோம். அந்தக் காலத்து மெஷின் என்ன கனம்! கண்டக்டர் இல்லாத பஸ்ஸில் டிரைவர்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அந்த வீட்டில் அவர் ஒயரைக் கையில் எடுத்துக்கொண்டு, எதை எதில் செருகுவது என்று யோசித்தார். நீ அதை வாங்கிக்கொண்டாய். "வுடுங்கண்ணே. இந்தப் பொட்டியோட வயித்துக்குள்ள இருக்கிறதெல்லாம் நாங்க பூட்டுனதுதான்." இரண்டு மெஷினையும் இணைத்தோம். அவருடையது ஓட, உன்னுடையது பதிவுசெய்யத் தொடங்கியது. நான் உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

படம் கொஞ்சம் மங்கல், ஓரத்தில் ஒரு கோடு ஆடிக்கொண்டே இருந்தது. ஆனால் தபால்காரர் வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தபோது அந்தக் குரலில் ஒரு குறையும் இல்லை. கையெழுத்து வாங்க வேண்டிய இடத்தில் அவர் சட்டென்று நின்று, எதிரே இருந்த நடிகையைப் பார்த்து முழித்தார்.

நீ என் தொடையில் அடித்தாய். "பாரு, பாரு! வசனத்த மறந்துட்டாரு! வீட்டுல வந்து இல்லவே இல்லன்னு சாதிச்சாரு!" சிரிக்கச் சிரிக்க உன் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. துடைக்காமலே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த வீட்டம்மா தண்ணீர் கொண்டுவந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில்தான் அதைச் சொன்னாய். "சாந்தி, அவர் போனதுக்கப்பறம் நான் அந்த கேஸட்ட ஒரு தடவகூட போடல. பயம். இருக்குதேங்கிற தைரியத்துல அலமாரியிலயே வச்சிருந்தேன். நீ அழிக்கலன்னா இன்னும் போட்டிருக்க மாட்டேன்டி."

மன்னித்துவிட்டேன் என்று நீ சொல்லவேயில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் உன் மகளை உட்காரவைத்து அப்பாவைக் காட்டினாய். அவர் போகும்போது கைக்குழந்தையாக இருந்தவள் அவள். நினைவு தெரிந்து அப்பாவின் குரலை அவள் அன்றுதான் கேட்டாள் என்று மறுநாள் பஸ்ஸில் சொன்னாய்.

அந்த நாடகத்தைத்தான் முதலில் கோப்பாக்கினேன். உன் மகள் அதைத் தன் போனில் வைத்திருக்கிறாள்.

வேலையில் பிறகு நான் சூப்பர்வைசராகி, இருபது முப்பது பெண்களைக் கவனிக்கும் இடத்துக்கு வந்தேன். என் கையால் ஒரு வேலை கெட்டால் அன்றைக்கே எழுந்து நின்று சொல்லிவிடுவேன். அடுத்தவர் வந்து அப்படிச் சொன்னால், இனி என்ன செய்யலாம் என்றுதான் கேட்பேன். இதையெல்லாம் நீ உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் உன்னிடமிருந்து வந்ததுதான்.

நேற்று பெட்டியின் அடியில் பெயரில்லாத கேஸட் ஒன்று கிடைத்தது. ஓட்டினால், நம் தொழிற்சாலையின் ஆண்டு விருந்து. மேடையில் பச்சைப் புடவையில் நீ, கையில் மைக். இன்று வேண்டாம், மனம் கொஞ்சம் ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்று கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. போன கையை இழுத்துக்கொண்டேன். சத்தத்தைக் கூட்டினேன். "என்னா எல்லாம் தூங்குறீங்க? கை தட்டுங்க லா!" என்று அதட்டினாய். என் வீட்டுக் கூடத்தில் நான் ஒருத்திதான். பலமாகத் தட்டினேன்.