பித்தளை வளைய அகப்பையைச் செய்தவள் நான்

அனுப்புநர்:
ஈ. சென்னியம்மாள்,
க/பெ ஈஸ்வரமூர்த்தி,
தெற்கு வீதி, கிணத்துக்கடவு,
பொள்ளாச்சி வட்டம், கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் கலெக்டர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: கைத்தொழில் பொருட்காட்சியில் நான் பெற்ற முதற்பரிசின் நற்சான்றும், அதன்பேரில் வந்த ஆசிரியர் நியமன ஆணையும் என் கணவர் பெயரில் இருப்பது – என் பெயருக்கு மாற்றித் தர வேண்டுவது – குறித்து.

பார்வை: பொருட்காட்சிக் குழு அலுவலக நியமன ஆணை, நாள் 27-5-1963.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கிணத்துக்கடவில் வசிப்பவள். வயது முப்பத்தொன்று. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இம்மனுவை என் கையாலேயே எழுதுகிறேன். என் கணவர் ஈஸ்வரமூர்த்தி பொள்ளாச்சிச் சந்தைக்குத் தேங்காய்ப் பாரம் வண்டி ஓட்டுகிறார். நான் பிறந்தது அவிநாசி. அங்கே எங்கள் வீட்டை ஒட்டி ஒரு பித்தளைப் பட்டறை இருந்தது. கல்யாணத்துக்கு முன் ஐந்து வருடம் அங்கே துருத்தி ஊதப் போய்க்கொண்டிருந்தேன். ஊதின கை சும்மா இருக்கவில்லை. தகடு வெட்டவும், வளைக்கவும், பற்றவைக்கவும் கற்றுக்கொண்டது.

2. கொட்டாங்கச்சியில் செய்யும் அகப்பையைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு அதில் மூங்கில் காம்பைச் செருகுவார்கள். சில மாதத்தில் ஓட்டையிலிருந்து விரிசல் விடும். ஒருநாள் அப்படி விரிந்த அகப்பை கொதிக்கும் கஞ்சியோடு என் காலில் கொட்டிவிட்டது. பதினைந்து நாள் நடக்க முடியவில்லை. படுத்துக்கிடந்தபோதுதான், ஓட்டையே போடாமல் செய்தால் என்ன என்று தோன்றியது. பித்தளைத் தகட்டை வளையமாக்கி, சூடேற்றி, கொட்டாங்கச்சியின் அடிப்பக்கமாக ஏற்றி, விளிம்புக்குக் கீழே வந்ததும் ஈரத்துணியால் குளிரவைத்தால் வளையம் சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். காம்பையும் பித்தளையிலேயே செய்து வளையத்தோடு முன்பே பற்றவைத்துவிட்டால் ஆணி வேண்டாம், அரக்கு வேண்டாம். இதைச் சொல்வது எளிது. கைக்கு வர எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. உடைந்த கொட்டாங்கச்சிகளைக் கொண்டே ஒரு மழைக்காலம் முழுவதும் அடுப்பெரித்தோம்.

3. கடந்த மே மாதம் கோயம்புத்தூரில் நடந்த பொருட்காட்சியில், கையால் செய்த பொருள்களுக்கான வரிசையில் என் பன்னிரண்டு அகப்பைகளும் வைக்கப்பட்டன. பரிசுக்குத் தேர்ந்தெடுக்க வந்த மூவரில் ஒருவர் பெரிய ஆலை ஒன்றில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓர் அகப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளையம் இவ்வளவு கச்சிதமாக உட்கார வேண்டுமானால் லேத்தில் கடைந்திருக்க வேண்டும், வீட்டுப் பெண்பிள்ளை செய்ததென்று யாரோ எழுதிக்கொடுத்திருக்கிறார்கள் என்றார். என் பெயரிருந்த அட்டையை எடுத்துவிட்டு, இயந்திர வேலை வரிசைக்கு அகப்பைகளை மாற்றச் சொன்னார். அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு மிகவும் உறைத்தது. பொய் என்று ஐயமே இல்லாமல் சொன்னார்.

4. நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஏனுங்க ஐயா, தகடு எங்கிட்ட இருக்குதுங்க. ஒரு தொட்டியும் கொஞ்சம் கரியும் குடுக்கச் சொல்லுங்க. நீங்க நின்னு பாருங்க, செஞ்சுபோடறேன்." எங்கள் பக்கத்தில் கொட்டாங்கச்சியைத் தொட்டி என்றுதான் சொல்வோம். அவர் சம்மதித்தார். பக்கத்து அரங்கில் சத்தியமங்கலத்து அப்புசாமி என்ற கொல்லர் அரிவாள் அடித்துக்கொண்டிருந்தார். தம் உலையை விட்டுக்கொடுத்தார். சூது இருக்கக்கூடாதென்று என்ஜினீயர் தாமே போய், பொருட்காட்சிச் சிற்றுண்டிச்சாலையில் சட்னிக்குத் துருவிப் போட்ட கொட்டாங்கச்சிகளில் இரண்டைப் பொறுக்கி வந்தார்.

5. ஐயா, முதலாவது உடைந்துவிட்டது. வளையம் ஏறியதும் படீரென்று இரண்டாகப் பிளந்தது. கூடியிருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். அப்போதுதான் அதன் உட்புறத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். கழுவிப் போட்ட ஈரம் அப்படியே இருந்தது. என்ஜினீயரிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டாவதை உலை ஓரத்தில் வைத்து நன்றாகக் காயவிட்டேன். சிரித்தவர்கள் யாரும் கலைந்து போகவில்லை. பிறகு செதுக்கி, தேய்த்து, தகட்டை அளந்து வளைத்து, காம்பைச் சேர்த்து, சூடேற்றி, ஏற்றி, ஈரத்துணியைச் சுற்றினேன். ஒன்றேகால் மணி நேரம். என்ஜினீயர் காம்பைப் பிடித்து இழுத்தார். கொதிக்கும் தண்ணீரை ஊற்றித் தூக்கிப் பிடித்தார். அப்புசாமியையும் இழுக்கச் சொன்னார். வளையம் அசையவில்லை. அவர் எழுந்து போய், எடுத்த அட்டையைத் தம் கையாலேயே பழைய இடத்தில் வைத்தார். "நான் சொன்னது தவறம்மா" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அந்தப் பெருந்தன்மைக்கு அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

6. சிற்றுண்டிச்சாலைச் சமையல்காரர் சுந்தரராஜுலு அந்த அகப்பையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், மீதியிருந்த நான்கு நாளும் கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் பரிமாறினார். சாப்பிட வந்தவர்கள் இலையை விட்டுவிட்டு அகப்பையைப் பார்த்தார்கள் என்று அவரே வந்து சொன்னார்.

7. கடைசி நாள் முதற்பரிசு எங்கள் அகப்பைக்கு என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஆனால் மேடைக்குக் கூப்பிட்டது என் கணவரை. படிவத்தில் கணவர் பெயர் என்ற இடத்தில் இருந்ததையே பரிசு பெறுபவர் பெயராகக் குழு அலுவலகத்தில் எடுத்து எழுதிவிட்டார்களாம். என் கணவர் நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவர். மேடையில் ஏறி, வெள்ளிக் கிண்ணத்தைத் தொடாமல், ஒலிபெருக்கியின் முன் நின்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இதை நானு செய்யலீங்க. எனக்கு வண்டி ஓட்டத்தானுங்க தெரியும். செஞ்சது எங்கூட்டு அம்மணி, அதா, அங்க நிக்கறா. அவ பேரைக் கூப்பிடுங்க, நானு எறங்கிக்கறேன்." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. என் பெயரைக் கூப்பிட்டார்கள். கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்கள். நற்சான்றை மட்டும் முன்பே எழுதிவிட்டதால் கணவர் பெயரிலேயே கொடுத்துவிட்டு, பிறகு திருத்தி அனுப்புவதாகச் சொன்னார்கள்.

8. திருத்தி வரவில்லை. அதற்குப் பதிலாகப் பார்வையில் கண்ட ஆணை வந்தது. கிணத்துக்கடவில் புதிதாகத் தொடங்கும் பெண்கள் கைத்தொழில் வகுப்பில், கொட்டாங்கச்சியும் பித்தளையும் சேர்ந்த வேலையைக் கற்பிக்கும் ஆசிரியராகத் திரு. ஈஸ்வரமூர்த்தி ஜூலை முதல் தேதி சேர வேண்டும், தவறினால் இடம் வேறொருவருக்குப் போகும் என்று கண்டிருந்தது. படித்ததும் நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. குழு அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சொன்னேன். யார் பெயரில் இருந்தாலும் ஒரே குடும்பம்தானே, அவர் கையெழுத்துப் போடட்டும், நீங்கள் சொல்லிக்கொடுங்கள் என்று அங்கிருந்த எழுத்தர் யோசனை சொன்னார். என் கணவர் அதற்கு இணங்கவில்லை. செய்யாத வேலைக்குத் தாம் கையெழுத்துப் போட முடியாது என்று அங்கேயே சொல்லிவிட்டார். எனக்கும் அதில் சம்மதம் இல்லை.

9. வகுப்பில் சேர இதற்குள் பத்தொன்பது பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் பங்காரம்மா என்பவர் மூன்று மைல் நடந்து வருகிறவர். அவர்களை நிற்கவைக்க மனமில்லாமல், எங்கள் வண்டிக் கொட்டகையில் ஜூன் மூன்றாம் தேதியே வேலையைத் தொடங்கிவிட்டோம். முதல் வாரம் உடைந்ததுதான் மிச்சம். நேற்று, வெள்ளிக்கிழமை, பங்காரம்மாவின் வளையம் இறுகி நின்றது. அவர் அந்த அகப்பையில் தண்ணீர் ஊற்றி எல்லோருக்கும் ஒரு வாய் குடிக்கக் கொடுத்தார். வருகைப் பதிவேடு ஒன்றும் வைத்திருக்கிறோம். அதில் ஆசிரியர் பெயர் என்ற இடத்தில் சென்னியம்மாள் என்று எழுதிக் கையெழுத்திட்டு வருகிறேன்.

10. ஆகவே, ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, நற்சான்றையும் நியமன ஆணையையும் அந்த வேலையைச் செய்தவள் பெயருக்கு ஜூலை முதல் தேதிக்குள் மாற்றித் தர உத்தரவிட வேண்டுகிறேன். என் வேலையில் இன்னும் ஐயம் இருந்தால் எந்த நாளும் எந்த அதிகாரியும் வந்து பார்க்கலாம். உலை மூட்டியே இருக்கும். இனி நான் தனியாகச் செய்துகாட்ட வேண்டியதில்லை. என்னோடு பத்தொன்பது பேர் செய்துகாட்டுவார்கள்.

தங்கள் நியாயத்தை நம்பியிருக்கும்,
ஈ. சென்னியம்மாள்

இடம்: கிணத்துக்கடவு
நாள்: 15-6-1963

சாட்சி: ஈஸ்வரமூர்த்தி (மனுதாரரின் கணவர்)

இணைப்பு: நற்சான்று, நியமன ஆணை, பங்காரம்மா செய்த அகப்பை ஒன்று.