வீரலட்சுமி வீட்டுச் சிவப்புப் புள்ளி

நேமத்தான்பட்டி,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புப் பேத்தி சத்தியப்பிரியாவுக்கு, உன் அப்பத்தா சின்னத்தாயி உன்னை நினைத்துத் திருநீறு பூசிக்கொண்டு எழுதுவது. அயர்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். சென்னையில் உன் அப்பனும் அம்மாவும் சுகம். எனக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாம், வருகிற வாரம் மதுரையில் ஆப்பரேசன். பயப்படாதே, நானே பயப்படவில்லை. எழுத்து பெரிதாக இருப்பதைப் பார்த்துக் கோபம் என்று நினைக்காதே, கண் தெரியவில்லை. கோபம் வருகிற இடத்தில் சொல்லிவிட்டே எழுதுகிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். நான் போன் பேசினால் மதிலுக்கு அங்குட்டு ஒருத்தி மிக்சியை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். அதனால் எழுதி, இதே போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். படம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நீதான், அனுபவி.

முதலில் உன் படிப்பு. தகவல் தொழில்நுட்பமும் புத்தாக்கமும் என்று மேல்படிப்பு படிக்கிறாள் என்று நான் சொன்னால், ஐ.டி.தான் காரைக்குடியிலேயே படித்தாளே, மறுபடி எதற்கு என்கிறார்கள். அப்போது படித்தது மிஷின் எப்படி ஓடும் என்று, இப்போது படிப்பது அதை வைத்து மனுசருக்குப் புதிதாக என்ன செய்யலாம் என்று. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. கண்டரமாணிக்கத்து நாகம்மை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்பக் கல்யாணம் எப்ப என்றாள். அவளைக் குறித்து வைத்திருக்கிறேன்.

இனி உன் கவலைக்கு வருகிறேன். தீபாவளிக்கு வந்தபோது பரிட்சைக்கென்று நம் தெருவுக்கு ஒரு தண்ணீர் ஆப் செய்து வைத்துவிட்டுப் போனாய். தெருக்குழாய் நம் வாசலில் இருப்பதால் பட்டனை என்னிடம் கொடுத்தாய். தண்ணீர் வந்ததும் நான் அமுக்குவேன். தெருவில் எல்லார் போனிலும் என் குரல், "தண்ணி வந்திருச்சு, கொடத்தை எடுத்துக்கிட்டு வாங்கடி" என்று கூப்பிடும். வந்தவர்கள் தங்கள் போனை அமுக்கினால் அங்கே நீ வைத்திருக்கிற தெருப் படத்தில் அந்த வீட்டுப் புள்ளி பச்சையாகும், வராவிட்டால் சிவப்பு. எல்லா வீடும் பச்சை. ஒரு வீடு மட்டும் அன்றிலிருந்து சிவப்பு.

அது ஏன் என்று கண்டுபிடித்துச் சரிசெய்யாவிட்டால் இந்த வருடம் பட்டம் கிடையாது என்று உன் வாத்தியாரம்மா சொன்னதாகப் போன வாரம் சொன்னாய். அழுததை நான் பார்க்கவில்லை என்று நினைத்தாய். கேமராவைக் கூரைக்குத் திருப்பினால் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்காதா?

அந்த வீட்டில் நெட் கிடைக்கவில்லையா அப்பத்தா என்று கேட்டாய். எழுத்தைப் பெரிதாக்கினாய், குடம் படம் போட்டாய், சத்தத்தைக் கூட்டினாய். நீ சத்தத்தைக் கூட்டிய அன்று அவள் போனை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். நெட்டுக்கு ஒரு குறையும் இல்லையடி. அது மதிலுக்கு அங்குட்டு இருக்கிற வீரலட்சுமி வீடு. உன் தாத்தாவின் தம்பி பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி, உனக்குச் சின்ன அப்பத்தா. உன் அப்பன் கல்யாணத்திலிருந்து நானும் அவளும் பேசுவதில்லை. பேச்சு வார்த்தை இல்லாத வீட்டிலிருந்து கூப்பிட்டால் நம் பக்கத்தில் யாராவது வருவார்களா? பிறந்ததிலிருந்து பார்க்கிற சங்கதி உனக்கு மறந்துபோனது அந்த ஊர்க் குளிரால்தான்.

காரணமும் மறந்திருப்பாய். கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டார் முன்னால், நான் கிண்டிய கவுனி அரிசி இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு, "அரிசி வேகலையேக்கா, பல்லு ஆடுது" என்றாள். மாம்பழக் கலர் பட்டு கட்டியிருந்தாள், இடது கையில் விசிறி. சொன்ன வாயால் மறுபடியும் கேட்டு வாங்கித் தின்றாள். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை, உனக்கே தெரியும்.

ஆப் வந்த பிறகு அவள் எல்லாரும் பிடித்து முடித்தபின் வருவாள். நூல் மாதிரி ஒழுகுவதை அரைக் குடம் பிடித்துக்கொண்டு, வாசலில் நிற்கிற என்னைத் தூணைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போவாள். எனக்கு அது சந்தோசமாகத்தான் இருந்தது, நீ அழுகிற வரைக்கும்.

நானாகப் போய்ப் பேச முடியாது. பேசினால் அரிசி வேகவில்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அதனால் செவ்வாய்க்கிழமை மதிலோரம் மேய்ந்த நம் செவலைக் கோழியைப் பார்த்து, "ஏ கோழி, ஒருத்தி வீம்புல எம் பேத்தி பட்டம் நிக்கிது, அதை ஆரு கேக்குறது" என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். மிக்சி நின்றது.

கொஞ்ச நேரத்தில் அவள் தன் வெள்ளாட்டிடம், "ஏ ஆடு, அந்தப் புள்ள எனக்கும் பேத்திதான, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாகளா? ஊரையே வாங்கடிங்கிறாக, பல்லுப் போன வயசுல எனக்கும் ‘டி’யா" என்றாள். மகாராணிக்குத் தனியா மேளம் வச்சா கூப்பிடுவாக என்று நான் கோழியிடம் கேட்டேன். மேளம் எதுக்கு, அவுகளுக்கு மட்டுந்தான் குரல் இருக்கா, எங்களுக்கென்ன தொண்டை அடைச்சா கெடக்கு என்று அவள் ஆட்டிடம் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வருவதில் அவளுக்கு வருத்தமில்லை. தினமும் நானே கூப்பிடுகிறேன், அவளுக்கு ஒரு நாளும் கூப்பிடுகிற முறை இல்லை. அதுதான்.

பேச்சு அப்படியே கவுனி அரிசி வரைக்கும் போய்விட்டது. சம்பந்தியம்மா கட்டியிருந்த சேலை என்ன கலர் என்பதில் அவளுக்கும் எனக்கும் தகராறு. அவள் சொன்னது தப்பு. நடுவில் கோழி முட்டையிடப் போய்விட்டது, ஆடு முருங்கைக் கொப்பைத் தின்னப் போய்விட்டது. அவை போய் வெகுநேரமானதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. கவனித்ததும் அவள் உள்ளே போனாள், நானும் வந்துவிட்டேன். இதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளாதே. நாங்கள் இன்னும் பேசவில்லை.

மறுநாள் கோழியைத் தேடிப் பிடித்து வந்து, எனக்குக் கண் ஆப்பரேசன் இருக்கிறது, பட்டன் கொஞ்ச நாளைக்கு மதிலைத் தாண்டும் என்று சொன்னேன். அடுத்த நாள் நான் பட்டனை அமுக்கியதும் முதல் ஆளாகக் குடத்தோடு வந்தது அவள்தான். போனில் தவிடு ஒட்டியிருந்தது. நீ பச்சையைப் பார்த்திருப்பாய்.

இப்போது நான் சொல்கிறபடி செய். பட்டனை அவள் போனுக்கு மாற்று. அவள் குரலை மருமகள் தீபலட்சுமி பதிந்து அனுப்பியிருக்கிறாள், இதோடு வரும். கேட்டுப் பார். "தண்ணி வந்திருச்சு, எல்லாரும் வாங்க. அக்கா, நீங்க வர வேணாம். ஒங்க கொடத்தை நானே பிடிச்சு வாசல்ல வைக்கிறேன்" என்று இருக்கும். ஆப்பரேசனுக்குப் பிறகு குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. உன் அப்பனிடம் போனில் சொன்னதோடு சரி.

இதில் உனக்கு ஒரு சிக்கல் உண்டு. இனி கொஞ்ச நாளைக்கு நம் வீட்டுப் புள்ளிதான் சிவப்பாக இருக்கும், நான் வரப்போவதில்லையே. வாத்தியாரம்மா கேட்டால், அந்த வீட்டுக்காரி வராமலே அவளுக்குத் தண்ணீர் வந்துவிடுகிறது என்று சொல். போனிலும் கோளாறு இல்லை, தெருவிலும் கோளாறு இல்லை, கூப்பிடுகிறவர் மட்டும் முறை வைத்து மாற வேண்டும் என்று எழுது. பட்டம் தராவிட்டால் அந்த அம்மா பேரை எனக்கு அனுப்பு, நானும் கோழியும் பார்த்துக்கொள்கிறோம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பரிட்சை முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்தாலும் அழி, வீரலட்சுமி குரலை அழித்துவிடாதே. நான் கேட்பதற்கில்லை. முதலில் அக்கா என்று கூப்பிட்டது அவள்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டும். என் போனிலும் ஒன்று இருக்கிறது, அது நேற்றிலிருந்து ஓடி ஓடியே தேய்ந்துவிடுமோ என்று பயம்.

பட்டம் வாங்கி, நல்லபடியாக ஊர் வந்து சேர் தாயி. குலசாமி உன்னைக் காக்கும். வந்ததும் முதலில் சின்ன அப்பத்தா வீட்டுக்குப் போய் விழுந்து கும்பிட்டுவிட்டு அப்புறம் இங்குட்டு வா. நான் சொன்னேன் என்று சொல்லாதே.

உன் மேல் உசிராக இருக்கிற
அப்பத்தா சின்னத்தாயி.

பின்குறிப்பு: கவுனி அரிசி அன்றைக்கு நன்றாக வெந்துதான் இருந்தது.